பழைய ஜீப்புக்குப் பெரிய கார்புரேட்டர் பலம் தருமா?

செம்பனைத் தோட்டச் சேற்றில் ஓட்ட வேண்டிய பழைய சுசுகி எஸ்ஜே410 போன்ற வண்டிக்குப் பெரிய கார்புரேட்டர் மாட்டினால் இழுவை கூடும் என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் கார்புரேட்டர் பெட்ரோலைத் தள்ளுவதில்லை. அதன் குறுகிய கழுத்தில் காற்று விரையும்போது அழுத்தம் குறைகிறது, அந்தக் குறைவே பெட்ரோலை ஜெட் துளை வழியே உறிஞ்சுகிறது. கழுத்து அகன்றால் காற்றின் வேகம் குறையும். பெட்ரோல் நுண்துளியாகச் சிதறாது. எஸ்ஜே410-இன் 970 சிசி எஞ்சின் சேற்றில் மெதுவாகச் சுழலும்போதுதான் இந்தக் குறை வெளிப்படும். அதிவேகத்தில் பெரியது நன்றாக இழுக்குமே என்றால், உண்மைதான். சேற்றில் அந்த வேகம் வாய்ப்பதில்லை.

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். உயரம் மாறினால் இந்த விகிதம் குலையும். மலேசியாவின் பத்து பகாட் கடல்மட்டத்தை ஒட்டிய ஊர். அங்கே சரிசெய்த வண்டி 1,500 மீட்டர் உயர கேமரன் மலைக்கு ஏறினால், காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைந்து கலவையில் பெட்ரோல் மிகும். அப்படியானால் எப்போதும் சிறிய ஜெட்டே போதாதா? போதாது, சமவெளியில் பெட்ரோல் குறைந்து எஞ்சின் சூடேறும். சரிவில் எஞ்சின் திணறினால், கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் சாய்வால் மாறும் பெட்ரோல் மட்டத்தையும் பாருங்கள். பெரியதைத் தேடாதீர்கள், ஓடும் நிலத்துக்கும் வேகத்துக்கும் பொருந்துவதைத் தேர்ந்தெடுங்கள்.