இரட்டையர் சொல்லும் சாட்சி

மாரடைப்பு வந்தவர் மனம் சோர்ந்துதான் போவார், இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். நோய்தான் மனதைக் கெடுக்கிறது, மனம் நோயைக் கொண்டுவருவதில்லை என்பது இதன் உட்பொருள். மாண்ட்ரியலில் நான்சி ஃப்ராஷர்-ஸ்மித் குழு, மாரடைப்பிலிருந்து பிழைத்த 222 பேரைக் கவனித்து 1993-ல் வெளியிட்ட முடிவு இதற்கு முதல் பதில். கடும் மனச்சோர்வு இருந்தவர்களில் 17 சதவீதம் பேர் ஆறே மாதத்தில் இறந்துபோனார்கள்; மற்றவர்களில் 3 சதவீதம் பேர்தான். இதயம் எந்த அளவுக்குப் பழுதாகியிருந்தது என்பதைக் கணக்கில் எடுத்த பிறகும் வித்தியாசம் மறையவில்லை. ஆனால் பரம்பரையோ வளர்ப்போதான் இரண்டுக்கும் காரணமோ என்ற சந்தேகங்கள் அப்படியே நின்றன.

அவற்றுக்கு இரட்டையர்கள்தான் பதில் சொல்ல முடியும். வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்க ராணுவத்தில் இருந்த இரட்டையர்களுக்கென்றே ஒரு பதிவேடு உண்டு. அதிலிருந்து, தொடக்கத்தில் இதய நோய் இல்லாத 281 ஜோடிகளை எமரி பல்கலைக்கழகத்தின் வயோலா வக்காரினோ குழு ஆராய்ந்தது; இங்கே பார்த்தது மனச்சோர்வை அல்ல, பேரதிர்ச்சிக்குப் பின்னான மனநோயை (PTSD). இரட்டையர்கள் சொன்னதை மட்டும் நம்பாமல், மருந்தால் ரத்தக்குழாய்களை விரியச் செய்து, இதயத் தசைக்கு ரத்தம் எவ்வளவு போய்ச் சேருகிறது என்று ஸ்கேனில் அளந்தார்கள். 2013-ல் வந்த முடிவின்படி, அந்த மனநோய் இருந்தவர்களில் 22.6 சதவீதம் பேருக்கு இதய நோய் வந்திருந்தது, இல்லாதவர்களில் 8.9 சதவீதம். ஒருவருக்கு மனநோய், உடன்பிறந்த இரட்டையருக்கு இல்லை என்ற ஜோடிகளை மட்டும் எடுத்தால் இது 22.2-க்கு 12.8. இடைவெளி சுருங்கியது என்றால், குடும்பத்துக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்று பொருள். இருந்தும் பெரும்பகுதி அப்படியே நிற்கிறது. புகை, மதுப் பழக்கங்களைக் கழித்துப் பார்த்தும் அது போகவில்லை. ஓயாத அட்ரினலின் சுரப்பு, ரத்தக்குழாய்ச் சுவரின் அழற்சி, ரத்தம் எளிதில் உறைவது ஆகியவை இதற்குச் சொல்லப்படும் வழிகள்.

மூளை விஷயத்தில் கதை வேறு. இந்த மனநோய் உள்ளவர்களுக்கு நினைவாற்றலுக்கான ஹிப்போகாம்பஸ் சிறுத்திருப்பதைப் பார்த்து, அதிர்ச்சிதான் அதை அரித்துவிட்டது என்று பலரும் எழுதினார்கள். 2002-ல் கில்பர்ட்சன் குழு, போரில் பாதிக்கப்பட்ட வீரர்களையும் போர்முனையே பார்க்காத அவர்களது ஒருகரு இரட்டையர்களையும் ஒப்பிட்டது. போருக்குப் போகாதவரின் ஹிப்போகாம்பஸும் சிறியதாகவே இருந்தது! அப்படியென்றால் அது பெருமளவு அதிர்ச்சியின் வடு அல்ல, அதிர்ச்சியில் எளிதில் நொறுங்கக்கூடிய பிறவித் தன்மை. மனம் உடலைக் கெடுக்கிறது என்று ஒரே வரியில் எழுதித் தள்ளுபவர்கள் இந்த ஆய்வைத் தொடுவதே இல்லை.

சரி, மனதுக்கு வைத்தியம் பார்த்தால் இதயம் பிழைக்குமா? மாரடைப்பு வந்த 2,481 பேரிடம் நடந்து 2003-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், சிகிச்சையால் மனச்சோர்வு ஓரளவு குறைந்தது, மரணம் குறையவில்லை. 2018-ல் வந்த கொரிய ஆய்வு நம்பிக்கை தருகிறது என்றாலும், 300 பேரை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆயினும் சோர்ந்தவர் மாத்திரையை மறக்கிறார், நடைப்பயிற்சியை விடுகிறார்; மனச்சோர்வே தன்னளவில் தீர்க்க வேண்டிய நோய். மாரடைப்புக்குப் பின் வீடு திரும்பியவர் இரண்டு வாரமாக எதிலும் ஆர்வமின்றி முடங்கிக் கிடந்தால், 'போகப் போகச் சரியாகிவிடும்' என்று விட்டுவிடாதீர்கள். இதய மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள்.