'ஸ்டே' வாங்கிட்டா நிலம் நம்மளுதா?

"கவலைப்படாதப்பா, கோர்ட்ல ஸ்டே வாங்கியாச்சு!" நிலத் தகராறு இருக்கிற வீடுகள்ல இதைக் கண்டிப்பா கேட்டிருப்பீங்க. ஊர் வழக்குல 'ஸ்டே'ன்னு சொல்றதுக்குச் சட்டத்துல பேரு தற்காலிகத் தடையாணை. அது என்ன செய்யும், என்ன செய்யாது?

மூணு தலைமுறையா உங்க குடும்பம் பயிர் செய்ற நிலம். பத்திரம் இல்லை, அனுபவம் மட்டும்தான். திடீர்னு ஒருத்தர் கிரயப் பத்திரத்தோட வந்து, ஜேசிபியை நிறுத்துறார். வழக்கு முடிய வருஷக்கணக்காகும். அதுக்குள்ள வரப்பை உடைச்சு காம்பவுண்ட் கட்டிட்டா? அதைத் தடுக்கத்தான் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தோட ஆணை 39 இருக்கு.

நீதிபதி பார்க்கும் மூணு விஷயம்

வழக்கில் முகாந்திரம் இருக்கா? தடை கொடுத்தால் யாருக்குச் சிரமம், கொடுக்காவிட்டால் யாருக்குச் சிரமம், இதில் எது அதிகம்? பணத்தால் ஈடுகட்ட முடியாத இழப்பு வருமா?

இந்தக் கட்டத்துல 'நிலம் யாருக்குச் சொந்தம்'னு கோர்ட் முடிவு செய்யாது. 'இன்னைக்கு யார் அனுபவத்துல இருக்காங்க'ங்கிறதுக்குத்தான் வெயிட் அதிகம். நிலையா அனுபவிச்சு வர்றவரை, உண்மையான உரிமையாளரே ஆனாலும் அடாவடியா வெளியேத்தக் கூடாது, சட்டப்படிதான் போகணும்னு 2004-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. ஆனா வாட்ச்மேனாவோ, உரிமையாளர் சும்மா தங்க விட்டவராவோ இருந்தா, எத்தனை வருஷம் இருந்தாலும் அதனால மட்டும் உரிமை வந்துடாது.

அதனால அடங்கல், வரி ரசீது, மின் கட்டண ரசீதுன்னு தகராறுக்கு முந்தைய தேதியில் இருக்கிற எல்லாத்தையும் தேடி எடுங்க. எதிர்த்தரப்பு உங்க உரிமையையே மறுத்தா, தடை மட்டும் கேட்டா போதாது; உரிமையை விளம்புகை செய்யச் சொல்லியும் கேட்க வேண்டி வரும்.

தடை உங்களுக்கு எதிரா வந்தா?

அவசரம்னா, உங்களைக் கேட்காமலே தடை கொடுக்க முடியும். ஆனா அந்த மனுவை 30 நாளுக்குள்ள முடிக்க கோர்ட் முயற்சி செய்யணும். தடையை நீக்கச் சொல்லி நீங்களும் மனு போடலாம். 'வழக்கு போடப் போறாங்க'ன்னு முன்னாடியே தெரிஞ்சா, 'கேவியட்' தாக்கல் பண்ணிடுங்க. 90 நாளுக்கு, உங்களுக்குத் தகவல் சொல்லாம உத்தரவு வாங்குறது கஷ்டம்.

கோபத்துல தடையை மட்டும் மீறிடாதீங்க. சொத்து ஜப்தி ஆகலாம், 3 மாசம் வரை சிவில் சிறையும் உண்டு.

இன்னொண்ணு... ஸ்டே கிடைச்ச சந்தோஷத்துல அடுத்த வாய்தாவை மறந்துடுறவங்க நிறைய பேர். நீங்க ஆஜராகலைன்னா, மனுவோட சேர்ந்து தடையும் போயிடும். அன்னைக்கு ஜேசிபி மறுபடி வந்து நிக்கும். முதல்ல அந்தத் தேதியை போன்ல அலாரமா வைங்க!