கெர்: எத்தனை கம்பளி போட்டால் குளிர் போகும்?

உலகின் மிகக் குளிரான தலைநகரம் என்று மங்கோலியாவின் உலான்பாத்தரைச் சொல்வார்கள். ஜனவரி இரவுகளில் மைனஸ் 30 டிகிரி அங்கே சாதாரணம். அந்த ஊரின் ஓரங்களில் லட்சக்கணக்கான பேர் இன்னும் வட்டக் கூடாரங்களில்தான் வருடம் முழுக்கக் குடியிருக்கிறார்கள். நாம் யுர்ட் என்று படிப்பதை அவர்கள் கெர் என்கிறார்கள்.

மரச்சட்டப் பின்னல்தான் சுவர். அதன்மேல் கூரைக்கழிகள், உச்சியில் ‘தோனோ’ என்கிற வட்டத் திறப்பு. இதைப் போர்த்துவது ஃபெல்ட்: ஆட்டுக் கம்பளியை நனைத்து, உருட்டி, இறுக்கிச் செய்த கனமான விரிப்பு. கோடையில் ஒரு அடுக்கு. அடி ஓரத்தைத் தூக்கிவிட்டால் காத்து வரும். குளிர்காலத்தில் இரண்டு, மூன்று அடுக்கு.

அப்போ அடுக்கைக் கூட்டிக்கிட்டே போனால் போதாதா? ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 6 மீட்டர் விட்டம், 1.5 மீட்டர் சுவர் என்றால் சுவரும் கூரையும் சேர்ந்து சுமார் 58 சதுர மீட்டர். உள்ளே 20 டிகிரி, வெளியே மைனஸ் 30. ஒரு அடுக்கு 1 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வெப்பத்தைத் தடுப்பதில் ஃபெல்ட் கிட்டத்தட்ட கண்ணாடிக் கம்பளிக்குச் சமம்.

ஒரு அடுக்கில் வெளியேறும் வெப்பம் 6.9 கிலோவாட். இரண்டில் 4.3, மூன்றில் 3.2, நான்கில் 2.5. இரண்டாவது அடுக்கு 2.6 கிலோவாட்டை மிச்சம் பிடிக்கிறது. நான்காவது வெறும் 0.7தான்.

இப்போ இன்னொரு பக்கம் பாருங்க. உள்ளே இருக்கும் காற்று சுமார் 50 கன மீட்டர். கதவு இடுக்கு, அடி ஓரம் வழியாக அது மணிக்கு ஒருமுறை மாறினாலே 0.8 கிலோவாட் போச்சு. 1.5 மீட்டர் அகலத் தோனோவில் ஒற்றைக் கண்ணாடி மட்டும் இருந்தால் இன்னொரு 0.5. ஆக, நான்காவது அடுக்குக்கு முன்னாடி இடுக்குகளை அடைக்கணும், தரையை உயர்த்திப் பலகைக்கு அடியில் காப்பு போடணும், இரவில் தோனோவை மூடணும்.

இதில் இரண்டு ஆபத்து உண்டு. ஒன்று ஈரம். மூச்சிலும் சமையலிலும் வரும் நீராவி ஃபெல்ட் வழியாக வெளியேற வேண்டும். வெளிப்பக்கம் பிளாஸ்டிக் சுற்றினால் அது உள்ளேயே குளிர்ந்து தண்ணீராகிவிடும். நனைந்த கம்பளி குளிரைத் தாங்காது. இரண்டாவது, அடுப்பு. எல்லா இடுக்கையும் அடைத்துவிட்டு நிலக்கரி எரித்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனையே கிடையாது. அடுப்புக்கென்று தனிக் காற்றுக்குழாயும் எச்சரிக்கைக் கருவியும் கட்டாயம்.

2019-ல் உலான்பாத்தரில் பதப்படுத்தாத நிலக்கரியைத் தடை செய்து, அழுத்திய கரிக்கட்டியைக் கொண்டுவந்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் இந்த வாயுவால் உயிர்கள் போயின. கரியையே விட்டுவிட்டு மின்சார ஹீட்டருக்கு மாறலாமே என்றால், 7 கிலோவாட் ஒரு சாதாரண வீட்டு இணைப்புக்கு ரொம்ப அதிகம். 3 என்றால் யோசிக்கலாம். அதனால்தான் யுனிசெஃப் அங்கே ஹீட்டரையும் கெருக்கான வெப்பக்காப்பையும் ஒரே தொகுப்பாக முன்வைக்கிறது. காப்பு சரியாக இல்லாத கெருக்கு ஹீட்டர் மட்டும் கொடுத்துப் பயனில்லை.