டோனாவூர் அம்மை

இறைவனை நெஞ்சின் ஒரு பகுதியால் நேசித்தல் போதாது. முழு நெஞ்சாலும் நேசிக்க வேண்டும் என்பதையே கட்டளைகளுள் தலையாயதாக வைத்தார் இயேசு பெருமான். 'முழு' என்னும் அச்சொல் சொல்வதற்கு எளிது. ஒருவருடைய வாழ்நாளில் அது எதையெல்லாம் கேட்கும் என்பது வாழ்ந்து பார்த்தவர்க்கே விளங்கும். ஏமி கார்மைக்கேல் அவ்வாறு வாழ்ந்து பார்த்தவர்.

இவர் 1867ஆம் ஆண்டு வட அயர்லாந்தின் கடலோரச் சிற்றூரான மில்லைலில் பிறந்தார். உடன்பிறந்தார் எழுவருள் மூத்தவர். இளமையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெல்ஃபாஸ்ட் நகரில் வழிபாடு முடிந்து தம்பியருடன் திரும்பும்போது, கந்தை அணிந்த மூதாட்டி ஒருத்தி சுமையுடன் தள்ளாடி வரக் கண்டார். சுமையை வாங்கிக்கொண்டு அவளைத் தாங்கி நடந்தனர். எதிரே வந்தவர்களோ நன்கு உடுத்திய திருச்சபையினர். ஏமிக்கு நாணம் மிகுந்தது. அவ்வேளையில், ஒருவர் செய்த வேலை தீயில் நிலைக்குமா, வைக்கோலாய் எரியுமா எனப் பவுலடியார் வினவிய பகுதி அவர் உள்ளத்தில் ஒலித்தது. அன்று மாலை கதவை அடைத்துக்கொண்டு நெடுநேரம் மண்டியிட்டிருந்தார். பிறர் கண்ணுக்கு எப்படித் தோன்றுகிறோம் என்னும் கவலை அன்றோடு குறையத் தொடங்கியது.

1895இல் இந்தியா வந்த ஏமி, அதன்பின் தாயகம் திரும்பவே இல்லை. திருநெல்வேலிப் பகுதியில் தமிழ் கற்றார், புடைவை உடுத்தினார், தமிழ்ப் பெண்கள் சிலருடன் மாட்டுவண்டியில் ஊர் ஊராகச் சென்று நற்செய்தி அறிவித்தார். அப்பணியே தம் வாழ்நாட்பணி என்று எண்ணியிருந்தார்.

1901 மார்ச் மாதத்தில், பண்ணைவிளையில் தங்கியிருந்த அவரிடம் பிரீனா என்னும் ஏழு வயதுச் சிறுமியை ஒரு பெண் அழைத்து வந்தாள். கோயிலுக்குப் பொட்டுக்கட்டப்படவிருந்த குழந்தை அவள். முன்னொரு முறை தப்பித் தாயிடம் ஓடியபோது, தாயே திருப்பி அனுப்பிவிட்டாள். தண்டனையாகக் கையில் சூடு வைக்கப்பட்டிருந்தது. சிறுமி ஏமியின் மடியில் அமர்ந்து தன் கதையைச் சொன்னாள். அந்த ஆண்டிலேயே டோனாவூர் அவர்தம் இருப்பிடமாயிற்று. ஒன்றன்பின் ஒன்றாகக் குழந்தைகள் வந்தனர். பிற்காலத்தில் சிறுவர்க்கும் இல்லம் எழுந்தது.

இங்கேதான் உண்மையான சோதனை நேர்ந்தது. பிள்ளைகள் தாயின் காலைக் கட்டுவர் என்பது தமிழர் வழக்கு. ஊர்தோறும் நடந்த கால்கள் தொட்டிலருகே கட்டுண்டன. பாலாற்றுதல், நகம் வெட்டுதல், காய்ச்சலில் விழித்திருத்தல் எனப் பொழுதுகள் கழிந்தன. கைக்குழந்தைகள் சிலரைக் காப்பாற்ற இயலாமலும் போயிற்று. இறைப்பணிக்கு வந்தவர் செவிலித்தாயாகிவிட்டாரே என்று உடன்பணியாளர்களே குறைபட்டனர். ஏமியும் அவ்வினாவைத் தமக்குள் எழுப்பிக்கொண்டார். இயேசு பெருமான் துண்டை இடையில் கட்டிக்கொண்டு சீடர்தம் பாதங்களைக் கழுவியதை நினைந்தபோது விடை கிடைத்தது. ஆண்டவர் செய்த பணி அடியவருக்கு இழிவாதல் எங்ஙனம்? எளிய விடைதான், அதனை நாள்தோறும் கைகளால் மெய்ப்பித்தல் எளிதன்று.

எதிர்ப்பும் குறைவின்றி இருந்தது. பிள்ளைகளைக் கடத்துகிறார் என வழக்குத் தொடர்ந்தவர்களும் உண்டு. பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கச் சென்னைச் சட்டமன்றத்தில் முத்துலட்சுமி ரெட்டி முயன்றதும், 1947இல் அதற்குச் சட்டம் நிறைவேறியதும் ஏமியின் வாழ்நாளிலேயே நிகழ்ந்தவை. பிற சமயத்தைப் பற்றி அவர் எழுதியவற்றுள் இன்றைய வாசகர்க்குக் கடுமையாகத் தோன்றும் இடங்கள் உண்டு. குழந்தைகள்பால் அவர் காட்டிய பரிவில் எவரும் குறை காணார்.

இல்லத்தின் தேவைகளுக்காக அவர் எவரிடமும் பொருள் கேட்டதில்லை, கடனும் வாங்கியதில்லை. இறைவனிடம் மட்டுமே கேட்பது என்பது அங்கு நெறி. பணியாளர்க்கு ஊதியமும் கிடையாது.

1931 அக்டோபர் 24. மேலும் தொண்டு புரியத் தம்மைத் தகுதியாக்க எதையும் செய்தருளுமாறு அன்று காலை அவர் வேண்டியிருந்தார். மாலை மங்கும் வேளையில் களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்வையிடச் சென்றவர், அங்குத் தோண்டியிருந்த குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். சில வாரங்களில் எழுந்துவிடலாம் என்றே அனைவரும் கருதினர். எஞ்சிய ஏறக்குறைய இருபது ஆண்டுகளும் பெரும்பாலும் அவ்வறையிலும் கட்டிலிலுமே கழிந்தன.

பணி செய்யும் மகிழ்ச்சிக்காகவே ஒருவர் இறைவனைப் பற்றியிருந்தால், பணி பறிபோகும்போது பற்றும் போய்விடும். ஏமிக்கு அவ்வாறு நேரவில்லை. நோவும் உறக்கமின்மையும் வாட்டியதை அவர் மறைக்கவும் இல்லை. நோயாளிகளுக்கு ஆறுதலாக வந்த நூல்கள் உடல்நலம் உள்ளோரால் எழுதப்பட்டமையால் தம் மனத்தைத் தொடவில்லை என்றுணர்ந்து, நோயாளி ஒருவர் பிற நோயாளிகளுக்கு எழுதும் மடல்களாக ஒரு நூலை இயற்றினார். படுக்கையிலிருந்தே மேலும் பல நூல்கள் எழுதினார். பிள்ளைகள் ஒவ்வொருவராக அறைக்கு வந்து பேசிச் செல்வர்.

1951 ஜனவரி 18ஆம் நாள் டோனாவூரில் அவர் மறைந்தார். தம் கல்லறைமேல் நினைவுக்கல் நாட்ட வேண்டா என்று முன்பே சொல்லியிருந்தார். பிள்ளைகள் அச்சொல்லை மீறவில்லை. பறவைகள் நீருண்ணக் கல்தொட்டி ஒன்றை அங்கு வைத்தனர். அதில் பொறிக்கப்பட்டுள்ள சொல் 'அம்மை' என்பது.