காலைக் காப்பாற்றும் கிளை வாய்க்கால்!
பெரிய ரத்தக் குழாய் அடைத்துக் கொண்டால் உடல் என்ன செய்கிறது?

கல்வராயன் மலையில் மழை பெய்கிறது. அந்தத் தண்ணீர் கோமுகி ஆறாக இறங்கி வருகிறது. அணையில் தேங்குகிறது. பிறகு வாய்க்கால் வழியாகக் கள்ளக்குறிச்சி வட்டாரத்து வயல்களுக்குப் பாய்கிறது.

பெரிய வாய்க்காலில் மண் சரிந்து அடைத்து விட்டால் என்ன ஆகும்? தண்ணீர் பக்கத்து ஓடையில் திரும்பும். முதலில் கொஞ்சமாகத்தான் போகும். நாள் ஆக ஆக அந்த ஓடையே அகலமாகி விடும்.

நம் உடலிலும் இதே வேலை நடக்கிறது!

பக்கக் குழாய்கள்

இதயத்தில் இருந்து கால் வரை ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. பெரிய குழாயில் இருந்து சிறு சிறு கிளைகள் பிரிகின்றன. இந்தக் கிளைகளில் பல, ஒன்றோடு ஒன்று கைகோத்து இருக்கின்றன.

பெரிய குழாய் அடைத்தால், ரத்தம் இந்தக் கிளைகளில் வேகமாகப் பாய்கிறது. அந்த வேகம் குழாயின் சுவரைத் தூண்டி விடுகிறது. சுவர் வளர்கிறது. குழாய் அகலமாகிறது. இதற்குப் பல வாரங்கள், சில சமயம் பல மாதங்கள்கூட ஆகும்.

வண்டிக்காரர் பிழைத்தார்

இதை உலகுக்குக் காட்டியவர் லண்டன் டாக்டர் ஜான் ஹண்டர்.

1785-ம் ஆண்டு டிசம்பர் மாதம். 45 வயதுள்ள ஒரு குதிரை வண்டிக்காரர் அவரிடம் வந்தார். முழங்காலுக்குப் பின்னால் ரத்தக் குழாய் பலூன் போல வீங்கித் துடித்தது. வெடித்தால் உயிருக்கே ஆபத்து. இப்படிப்பட்ட நோயாளிகளுக்கு அந்த நாளில் டாக்டர்கள் பலர் காலையே வெட்டி எடுத்து விடுவார்கள்.

ஹண்டர் காலை வெட்டவில்லை. தொடையில் ஓடும் பெரிய ரத்தக் குழாயை நூலால் கட்டி விட்டார்!

கால் அழுகியதா? இல்லை. பக்கக் கிளைகள் காலுக்கு ரத்தம் கொடுத்தன. சுமார் ஆறு வாரத்தில் வண்டிக்காரர் ஆஸ்பத்திரியை விட்டுப் போனார். 1787-ல் வேறு காய்ச்சலால் அவர் இறந்த பிறகு, ஹண்டர் அந்தக் காலைச் சோதித்தார். வீக்கம் வற்றிப் போயிருந்தது.

பீடி செய்யும் கேடு

நம் நாட்டில் பீடி, சிகரெட் பிடிக்கும் ஆண்களுக்கு ஒரு நோய் வருகிறது. பெரும்பாலும் 50 வயதுக்குள்ளேயே வந்து விடுகிறது. 1908-ல் இதை விளக்கி எழுதிய டாக்டரின் பெயரால் 'பர்ஜர் நோய்' என்கிறார்கள். கை, கால்களின் சிறு ரத்தக் குழாய்கள் அடைத்துக் கொள்கின்றன. நடந்தால் கால் வலிக்கும். விரல் நுனியில் புண் வந்து ஆறாது.

அப்போதும் உடல் சும்மா இருப்பது இல்லை. மருந்து செலுத்திப் படம் எடுத்தால், சுருள் சுருளாகப் புதுப் பாதைகள் தெரியும். ஆனால் பீடியை விடாவிட்டால் அந்தப் பாதைகளும் அடைந்து விடும். பிறகு விரலையோ காலையோ எடுக்க வேண்டியதுதான்.

பீடியை அடியோடு விட்டவர்களில் பெரும்பாலோர் காலைக் காப்பாற்றிக் கொள்கிறார்கள். இதற்கு இதைவிடச் சிறந்த மருந்து கிடையாது.

வயதானவர்களுக்குக் கொழுப்பு படிந்து கால் குழாய் அடைப்பதும் உண்டு. சர்க்கரை நோய் இருந்தால் ஆபத்து அதிகம். நடக்கும்போது கெண்டைக் கால் வலித்து, நின்றால் வலி விட்டுப் போனால் டாக்டரிடம் காட்டுங்கள். அவர் சொன்னால், வலி வரும் வரை நடந்து, நின்று, மறுபடி நடங்கள். மூன்று மாதம் விடாமல் செய்தால், வலியில்லாமல் நடக்கும் தூரம் கூடும்.

காத்திருக்கக் கூடாது!

இதயத்திலும் மூளையிலும்கூடப் பக்கக் குழாய்கள் உண்டு. எல்லோருக்கும் அவை ஒரே அளவில் இருப்பது இல்லை. அடைப்பு மெல்ல மெல்ல வந்தால் அவை வளரும். திடீரென்று வந்தால் வளர நேரம் ஏது?

நெஞ்சு வலி, வாய் கோணுதல், ஒரு கை விழுந்து போதல், கால் திடீரென வெளுத்துச் சில்லிட்டுக் கடுமையாக வலித்தல் — இவற்றில் எது வந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். மலைக் கிராமத்தில் இருந்து கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு வருவதற்கே நேரம் ஆகும். 'விடியட்டும், பார்க்கலாம்' என்று படுத்து விடாதீர்கள்.

மாரடைப்புக்கு முதல் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுக்கும் 'இதயம் காப்போம்' திட்டம் 2023-ல் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்டது.

மெல்ல வரும் அடைப்புக்கு உடல் வழி தேடிக் கொள்ளும். திடீர் அடைப்புக்கு நாம்தான் வழி தேட வேண்டும்!