உஷார்! தொற்று வந்தால் முதலில் தடைப்படுவது சுகர் மாத்திரைதான்

அடுத்த பெருந்தொற்று எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வந்தால் ஆரம்ப சுகாதார நிலையங்கள் என்ன ஆகும் என்பதை மட்டும் 2020-லேயே பார்த்துவிட்டோம். தொற்றா நோய்ப் பிரிவில் பி.பி. பார்த்து மாத்திரை கொடுக்கும் நர்ஸைக் காய்ச்சல் முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள். லேப்காரர் சளி மாதிரி எடுக்கப் போய்விடுவார். பஸ் ஓடாது. வயதானவர்கள் வெளியே வராதீர்கள் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்வார்கள். மாதாமாதம் மாத்திரைக்கு வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் அந்த வயதுக்காரர்கள்தானே!

இது நம் ஊர்க் கோளாறு மட்டுமல்ல. 2020 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் 155 நாடுகளில் விசாரித்தது. 53 சதவீத நாடுகளில் ரத்த அழுத்த சிகிச்சையும், 49 சதவீத நாடுகளில் சர்க்கரை நோய் சிகிச்சையும் முழுதாகவோ பாதியாகவோ தடைப்பட்டிருந்தன.

பயப்பட வேண்டிய இடம் எது தெரியுமா? பி.பி. மாத்திரை தீர்ந்த மறுநாள் உடம்பு ஒன்றும் சொல்லாது. பத்து நாள் போனாலும் சொல்லாது. 'நல்லாத்தானே இருக்கேன், அப்புறம் வாங்கிக்கலாம்' என்று தோன்றும். பிறகு ஒரு நாள் காலையில் வாய் கோணும், கை விழும். அதில் உயிர் போனால், அந்தச் சாவு பக்கவாதக் கணக்கில் போகுமே தவிர, தொற்றின் கணக்கில் ஏறாது. சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸில் இருப்பவருக்கு இந்த அவகாசம்கூடக் கிடையாது. இரண்டு முறை தவறினாலே நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். பொட்டாசியம் ஏறி இதயம் நின்றும் போகலாம்.

2021-ல் கருப்புப் பூஞ்சை யாரைத் தேடிப் பிடித்தது? பெரும்பாலும் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களை. கொரோனாவுக்குக் கொடுத்த ஸ்டீராய்டும் சர்க்கரையை மேலும் ஏற்றிவிட்டது. உயிர் பிழைக்கக் கண்ணையே எடுக்க வேண்டி வந்தவர்கள் இருக்கிறார்கள். ஆக, சுகர் மருந்து தடைப்படுவதைத் தொற்றிலிருந்து தனியாகப் பார்க்கவே கூடாது.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது. மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்தது. மனதாரப் பாராட்ட வேண்டிய வேலை. அதனால் மட்டும் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். மாத்திரை கொண்டுவரும் அந்தப் பெண்ணையே காய்ச்சல் கணக்கெடுக்க அனுப்பிவிட்டால்? கிராம சபையில் எழுந்து இப்போதே கேளுங்கள்: எல்லோரும் தொற்று வேலைக்குப் போனால் சுகர், பிரஷர் மாத்திரையை யார் கொடுப்பார்கள்? மருத்துவ அலுவலர் ஆள் பெயரோடு பதில் சொல்லும் வரை விடாதீர்கள்.

வீட்டிலும் வேலை இருக்கிறது. அட்டை காலியாகும் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே போய் வாங்குங்கள். கையில் எப்போதும் ஒரு மாத மாத்திரை உபரியாக இருக்கட்டும். காலாவதித் தேதி பார்த்து, பழையதை முதலில் தீருங்கள். 'சின்ன வெள்ளை மாத்திரை' என்று சொன்னால் வேறு ஊர் மருத்துவருக்கு ஒன்றும் புரியாது. பெயரும் மில்லிகிராமும் தெரிய, மருந்துச் சீட்டைப் போனில் படம் எடுத்து வையுங்கள். இன்சுலினை ஃப்ரீசரில் வைக்காதீர்கள், உறைந்தால் வீண். ஃப்ரிட்ஜ் இல்லையென்றால் ஈர மணல் போட்ட மண்பானை போதும். காய்ச்சலில் சாப்பிட முடியவில்லை என்று இன்சுலினை நீங்களாக நிறுத்தாதீர்கள். 104 மருத்துவ உதவி எண்ணைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

நெஞ்சு வலித்தாலோ, கை கால் இழுத்தாலோ, தொற்று வார்டில் போட்டுவிடுவார்கள் என்று பயந்து வீட்டில் படுத்திருக்கக் கூடாது. மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஊரடங்காக இருந்தாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.