பத்திரம் பதிவானால் வீடு நமதாகிவிடுமா?

முத்துக்குளித்துறையில் ஒரு பழைய விற்பனை முறை இருந்தது. கரைசேர்ந்த சிப்பிகளைத் திறக்காமலேயே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா, வெறும் சதைதானா என்பது விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-உடன் ஓய்ந்துவிட்டது. ஆனால், திறக்காத சிப்பிக்கு விலை பேசும் அந்த வழக்கம் வேம்பார் முதல் மணப்பாடு வரையிலான இக்கடற்கரையில் வீடு, மனை விற்பனையில் இன்றும் நீடிக்கிறது.

கப்பலிலும் வளைகுடா நாடுகளிலும் பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பணத்தோடு ஒருவர் ஊர் திரும்புகிறார். தரகர் வீட்டைக் காட்டுகிறார். பத்திர எழுத்தர் ஆவணத்தைத் தயாரிக்கிறார். சார்பதிவாளர் அலுவலகத்தில் அரை நாள் காத்திருப்பு, புகைப்படம், கைரேகை, வேலை முடிந்தது. வழிகாட்டி மதிப்பில் 7 சதவீதம் முத்திரைத் தீர்வை, 2 சதவீதம் பதிவுக் கட்டணம் என 30 லட்ச ரூபாய் சொத்துக்கு 2 லட்சத்து 70 ஆயிரம் ரூபாய் அரசுக்குச் செல்கிறது. இவ்வளவு தொகையைப் பெற்றுக்கொள்ளும் அரசு, விற்பவருக்கு விற்கும் உரிமை இருக்கிறதா என்று பார்க்காமலா பதிவு செய்திருக்கும் என்று வாங்கியவர் நம்புகிறார். நம்பிக்கை இயல்பானதுதான். ஆனால், சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் ஆவணங்களைப் பதிவு செய்வதற்கான சட்டம். உரிமைக்கு உத்தரவாதம் தருவதற்கான சட்டம் அன்று. விற்பவரின் உரிமையை ஆராய்வது சார்பதிவாளரின் வேலையில்லை என்பதை உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 7 அன்று ஐயத்துக்கு இடமின்றிக் கூறிவிட்டது. தமிழ்நாடு பதிவு விதிகளின் 55-ஏ விதியில், முன்னாவணத்தைக் காட்டினால்தான் பதிவு என்று வலியுறுத்திய பகுதியை ரத்து செய்த தீர்ப்பு அது. அதன் பின்னர், அசல் முன்னாவணத்தைச் சட்டத்தின் வழியாகவே கோரும் திருத்தத்தைத் தமிழகச் சட்டப்பேரவை நிறைவேற்றியது. எனினும், அசலைக் காட்டுவது வேறு. அந்த அசலில் உள்ள உரிமை முழுமையானதா என்பது வேறு. உரிமை இல்லாதவர் எழுதிக்கொடுக்கும் கிரையப் பத்திரம், எத்தனை முத்திரை குத்தப்பட்டிருந்தாலும், வாங்குபவருக்கு எதையும் தருவதில்லை.

பத்திர எழுத்தரைக் குறைசொல்வதற்கும் இல்லை. பதிவுத் துறையிடம் உரிமம் பெற்றவர். நான்கு எல்லைகளையும் அளவுகளையும் பிழையின்றி எழுதுவதில் பலர் கைதேர்ந்தவர்கள். ஆனால், அவர் எழுதுபவர். சொன்ன விவரங்களை ஆவணமாக்குவது அவர் பணி. சொல்லப்படாத விவரங்களைத் தேடிச் செல்வது அவர் பணியன்று. வங்கிக் கடன் பெறுவோர், வங்கியின் வழக்கறிஞர் பார்த்துவிட்டாரே என்று நிம்மதி கொள்கிறார்கள். அவர் வங்கிக்காகப் பார்த்தவர். கருத்துரையில் பிழை நேர்ந்தால் அவர் பதில் சொல்ல வேண்டியது வங்கிக்கே.

எதிர்க்கரையான இலங்கையில் 1840-ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசு முன் கையெழுத்தாகாத காணி உறுதி செல்லாது. இங்கிலாந்தில் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் தனித்தனிச் சட்ட வல்லுநர் அமர்வது நடைமுறை. அங்கு அரசின் நிலப் பதிவேடே உரிமைக்குப் பொறுப்பேற்கிறது. நம்மிடம் அத்தகைய கட்டாயம் எதுவும் இல்லை. 'லீகல் பார்ப்பது' என்று பேச்சு வழக்கில் சொல்லப்படும் சட்டக் கருத்தைப் பெறுவது முற்றிலும் வாங்குபவரின் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது. விருப்பத்துக்கு விடப்பட்ட செலவைத்தான் நாம் முதலில் குறைக்கிறோம்.

சரி, வழக்கறிஞரை அமர்த்துவது என்றால் யாரை? சென்னையிலோ மதுரையிலோ பெயர்பெற்ற ஒருவரையா, விளாத்திகுளம், கோவில்பட்டி, தூத்துக்குடி நீதிமன்றங்களில் சிவில் வழக்கு நடத்தும் ஒருவரையா? இரண்டாமவரையே என்பேன். காரணம் கட்டணக் குறைவோ பயண வசதியோ அல்ல. வேம்பாரின் ஆவணங்களை வாசிக்க வேம்பாரை அறிந்திருக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். தந்தை உயில் எழுதாமல் இறந்துவிட்டார். மனைவி, இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள் இருக்கிறார்கள். மகள்கள் திருமணமாகி மும்பையிலும் கொழும்பிலும் வாழ்கிறார்கள். ஊரில் இருக்கும் மகன்கள் இருவரும் வீட்டை விற்கிறார்கள். "தங்கைகளுக்கு நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாயிற்று, அவர்களுக்குப் பங்கில்லை" என்கிறார்கள். ஊரும் அதை ஆமோதிக்கிறது.

இந்தக் கரையில் பெரும்பான்மையாக வாழும் பரதவர்கள் 16-ஆம் நூற்றாண்டிலிருந்து கத்தோலிக்கர்கள். அவர்களுக்குப் பொருந்துவது 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். அதன்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதியுள்ள மூன்றில் இரு பங்கு பிள்ளைகள் அனைவருக்கும் சமமாக. ஆண், பெண் வேறுபாடு இல்லை. ஆக, நான்கு பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும் ஆறில் ஒரு பங்கு. மகன்கள் இருவரும் சேர்ந்து விற்கக்கூடியது மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. தாயும் கையெழுத்திட்டால் மூன்றில் இரண்டு. மகள்களின் பங்கை நகை கரைத்துவிடாது. அவர்கள் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்தால்தான் அது நீங்கும்.

இதே குடும்பம் இந்துக் குடும்பமாக இருந்து, வீடு தந்தையின் சுய சம்பாத்தியம் என்றால் கணக்கு மாறும். மனைவியும் பிள்ளைகளும் சமபங்கு பெறுவதோடு, இறந்தவரின் தாய் உயிரோடிருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. கிறிஸ்தவக் குடும்பத்தில், பிள்ளைகள் இருக்கையில் அந்தத் தாய்க்குப் பங்கில்லை. வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்று யார் யார் உறவு என்றுதான் சொல்லும். யாருக்கு எவ்வளவு என்று சொல்லாது. இந்து வாரிசுரிமை வழக்குகளிலேயே பழகிய வெளியூர் வழக்கறிஞர் இங்கே சறுக்குவது அரிதன்று.

வாங்கியவர் நிலை என்ன? கொழும்பிலிருந்து ஒரு மகள் வந்து பாகப்பிரிவினை வழக்குத் தொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். குடும்பம் வாழும் வீட்டில் ஒரு பங்கை வாங்கிய வெளியாருக்கு, மற்றப் பங்காளிகளோடு சேர்ந்து குடியிருக்கும் உரிமையைச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 44-ஆவது பிரிவு தருவதில்லை. அவர் பங்கைப் பிரித்துக் கேட்டு வழக்குப் போட்டாலோ, 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டப்படி, நீதிமன்றம் மதிப்பிடும் விலையைக் கொடுத்துக் குடும்பத்தாரே அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கோரலாம். முழு வீட்டுக்குப் பணம் கொடுத்தவர் மூன்றில் ஒரு பங்கின் மதிப்புக்காக நீதிமன்றப் படியேறுவார். மிச்சப் பணத்தை விற்றவர்களிடம்தான் கேட்க வேண்டும். அதற்குள் அது செலவாகியிருக்கும்.

"வில்லங்கச் சான்று எடுத்துவிட்டோமே" என்பது அடுத்த ஆறுதல். இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்க முடிகிற நல்ல வசதி அது. ஆனால், வில்லங்கச் சான்று பதிவானதை மட்டுமே காட்டும். தந்தையின் மரணம் அதில் இராது. உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. பதிவானாலும் அது வேறு புத்தகத்தில் ஏறுவதால் வில்லங்கச் சான்றில் தெரியாது. பதிவு செய்யப்படாத குடும்ப ஏற்பாடுகள் தெரியா. நிலுவையில் உள்ள வழக்கும் பெரும்பாலும் தெரியாது. ஆனால், வழக்கு நடக்கும்போது வாங்கியவரைத் தீர்ப்பு கட்டுப்படுத்தும். உள்ளூர் நீதிமன்றத்தில் நாள்தோறும் நிற்பவருக்கு அந்த வழக்கைக் கண்டறிவது ஒரு மாலை வேலை.

சர்வே எண் இன்னொரு பொறி. நத்தம் நிலவரித் திட்டத்துக்குப் பின் வீட்டுமனைகள் புதிய எண்களும் உட்பிரிவுகளும் பெற்றன. புதிய எண்ணுக்கு மட்டும் வில்லங்கம் போட்டால் பழைய எண்ணில் உறங்கும் அடமானம் எழுந்து வராது. பழைய பத்திரங்களில் திருநெல்வேலி மாவட்டம் என்றிருக்கும். தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986 அக்டோபர் 20-இல்தான். விளாத்திகுளம் வட்டாரத்தின் பல ஊர்கள் எட்டயபுரம் ஜமீனுக்கு உட்பட்டிருந்தவை; ஜமீன் ஒழிப்புக்குப் பின் எது நத்தம், எது புறம்போக்கு, எது ரயத்துவாரி என்று பிரிந்த கதை ஊருக்கு ஊர் வேறு. பெயர்கள் வேறு. பர்னாந்து, பர்ணாந்து, பெர்னாண்டோ என ஒரே மனிதர் மூன்று ஆவணங்களில் மூன்று விதமாக இருப்பார். ஒரே பெயரில் மூன்று மனிதர்களும் ஒரே தெருவில் இருப்பார்கள். பத்திரத்தில் காணாத பட்டப்பெயரை வைத்துத்தான் சில வேளை ஆளை அடையாளம் காண வேண்டியிருக்கிறது!

கடல் பார்த்த மனை என்றால் மேலும் ஒரு கேள்வி. உரிமை தூய்மையாக இருந்தும் கட்டடம் எழுப்ப முடியாமல் போகலாம். 2011-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, ஊரகக் கரைகளில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை கட்டுமானத்துக்குத் தடை விதித்தது. அதிலும் 100 மீட்டருக்கு அப்பால் மரபுவழிக் கடலோரச் சமூகத்தினரின் குடியிருப்புகளுக்கு மட்டும் தளர்வு தந்தது. மக்கள் நெருக்கம் மிகுந்த ஊர்களில் தடைப் பரப்பை 50 மீட்டராகச் சுருக்கியது 2019-ஆம் ஆண்டின் அறிவிக்கை. மனை எந்தக் கோட்டுக்குள் வருகிறது என்பதை வரைபடத்தைப் பார்த்தே சொல்ல வேண்டும். தரகரின் காலடிக் கணக்கு உதவாது. மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் ஒரு தொகுதிக்கு வேம்பாரின் பெயர்தான். இங்கே கடல் ஓர் அழகான எல்லை மட்டுமன்று, சட்ட எல்லையும்கூட.

இனி, ஆளைத் தேடுவது எப்படி? வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்ய இந்திய பார் கவுன்சில் விதிகள் அனுமதிப்பதில்லை. தரவரிசையிட்டு வழக்கறிஞர்களைப் பட்டியலிடும் இணையதளங்கள் வழியே தொழில் தேடுவோர் மீது நடவடிக்கை எடுக்கச் செய்யுமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. எனவே இணையத்தில் முதலில் தோன்றும் பெயருக்குப் பொருள் அதிகமில்லை. சென்ற ஓரிரு ஆண்டுகளில் அதே ஊரில் வீடு வாங்கியவர்களை, விற்றவர்களைக் கேட்பதே நல்ல வழி. தரகர் கைகாட்டுபவரும், விற்பவருக்கு ஏற்கெனவே ஆவணம் பார்த்தவரும் வேண்டாம். அவர்கள் நேர்மையற்றவர்கள் என்பதால் அல்ல. விற்பனை நடந்தால்தான் தரகருக்குக் கமிஷன், "வாங்காதீர்கள்" என்று சொல்வதற்குத் தயங்காதவர்தான் நமக்குத் தேவை. பார் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்பது அவமரியாதையன்று. கட்டணத்தை முன்கூட்டியே பேசி முடிக்க வேண்டும். சொத்து விலையில் சதவீதமாக அன்றி, வேலைக்கு இவ்வளவு என்று.

முதல் சந்திப்பிலேயே ஒருவரை ஓரளவு எடைபோடலாம். நகல்களைப் புரட்டிவிட்டு "எல்லாம் சரியாக இருக்கிறது" என்பவரிடம் சற்று எச்சரிக்கை தேவை. குறைந்தது 30 ஆண்டுக்கான தொடர் ஆவணங்கள், அசல்கள், இறப்புச் சான்றுகள், பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் வில்லங்கம், பட்டா, புலப்படம் என்று கேட்டு நம்மை அலைய வைப்பவர் வேலை தெரிந்தவர். வெளிநாட்டிலிருக்கும் பங்காளியின் பொது அதிகாரப் பத்திரத்தைக் காட்டினால், அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரையிடப்பட்டதா, கொடுத்தவர் உயிரோடிருக்கிறாரா என்று அவர் கேட்பார். கருத்துரையை வாய்மொழியாக அல்லாமல் கையெழுத்திட்டு எழுத்தில் தருவார். எந்தெந்த ஆவணத்தைப் பார்த்தார், எதைப் பார்க்க இயலவில்லை என்பது அதில் இருக்கும்.

விற்பவருக்கும் இது பொருந்தும். பெயர் வேறுபாடு, தொலைந்த அசல், கிடைக்காத தங்கையின் கையெழுத்து ஆகியவற்றை வாங்குபவர் கண்டுபிடித்தபின் சரிசெய்யப் புகுந்தால் விலை இறங்கும். விற்க நினைத்த நாளிலேயே தனக்கென ஒரு வழக்கறிஞரிடம் கொடுத்தால் செலவு குறைவு.

இவற்றையெல்லாம் எப்போது செய்வது என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். முன்பணம் கொடுத்த மறுநாள் வழக்கறிஞரிடம் வருகிறார்கள். அதற்குள் கை கட்டப்பட்டுவிடுகிறது. விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்பது தமிழகத்தில் 2012 டிசம்பர் 1 முதல் சட்டம். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி மடித்து வைப்பது போதாது. அந்த ஒப்பந்த வரைவே வழக்கறிஞரின் கையால் வர வேண்டும். உரிமையில் குறை தென்பட்டால் இத்தனை நாளுக்குள் முன்பணம் முழுவதும் திரும்பத் தரப்படும் என்ற ஒரு வரி அதில் இடம்பெற வேண்டும். அந்த வரிக்கு விற்பவர் எளிதில் சம்மதிக்கிறாரா, முகம் சுளிக்கிறாரா என்பதையும் வாங்குபவர் கவனித்துக்கொள்ளலாம்.